கொங்கிறீட் அணைகள் ஏன் வெடிக்கின்றன, எப்போது உடைகின்றன? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடகீழ்ப் பருவமழை வலுக்கும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் மகாவலி பெருகி வரும்போதெல்லாம் மூதூரிலும் கிண்ணியாவிலும் வெருகலிலும் ஒரே செய்தி கைத்தொலைபேசிகளில் சுற்றத் தொடங்கிவிடும்: மேலே விக்டோரியா அணையில் வெடிப்பு விழுந்துவிட்டதாம், எந்த நேரமும் உடையலாமாம். நீர்ப்பாசன வேலைகளில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகப் பல ஆண்டுகள் கழித்தவன் என்பதால் அயலவரும் உறவினரும் என்னிடம் வந்து கேட்பார்கள். படலையடியில் நின்று சொல்லும் பதில் பெரும்பாலும் பாதியிலேயே அறுந்துபோகிறது. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து, பதில்களை முழுமையாக இங்கே எழுதுகிறேன்.

கொங்கிறீட் அணையில் வெடிப்பு இருந்தால் அது உடையப்போகிறது என்று பொருளா?

இல்லை. வெடிப்பே இல்லாத பெரிய கொங்கிறீட் அணையைக் காண்பது அரிது. சில வெடிப்புகள் மேற்பரப்பில் ஒரு விரற்கடை ஆழத்தோடு நின்றுவிடும். சில, கட்டி முடித்த முதற் சில ஆண்டுகளில் தோன்றி அதன் பின் அசையாமல் கிடக்கும். ஒரு வெடிப்பைப் பார்த்ததும் பொறியியலாளர் கேட்பவை மூன்று. அது எந்தத் திசையில் ஓடுகிறது? அது வளர்கிறதா, நின்றுவிட்டதா? அதற்குள் அணைநீர் அமுக்கத்தோடு நுழைகிறதா? ஆற்றின் போக்கிலேயே மேலிருந்து கீழாக ஓடும் வெடிப்பு பெரும்பாலும் கசிவோடு முடியும். அணையின் நீளவாக்கில், நீர்ப்பக்க முகத்திலிருந்து கிடையாக உள்ளே போகும் வெடிப்புத்தான் உறக்கத்தைக் கெடுப்பது, ஏனெனில் அதற்குள் புகும் நீர் மேலே இருக்கும் பகுதியைத் தூக்கப் பார்க்கும். மூன்றாவது கேள்வியே முதன்மையானது என்பது என் எண்ணம்; அதற்கான காரணம் கீழே வருகிறது.

அவ்வளவு பலமான கொங்கிறீட் ஏன் வெடிக்கிறது?

வகுப்பறையில் கிடக்கும் ஒரு வெண்கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மேசை மீது செங்குத்தாக நிறுத்தி உள்ளங்கையால் நேராக அழுத்தினால் அது தாங்கும். நொறுக்குவதற்கு நிறையப் பலம் வேண்டும். அதே வெண்கட்டியை இரு கைகளாலும் பிடித்துச் சற்று வளைத்தால் ‘டக்’கென்று முறியும். முறிந்த முகத்தைப் பார்த்தால், வளைவின் வெளிப்பக்கத்தில், அதாவது இழுபட்ட பக்கத்தில் தொடங்கி மறுபக்கம் வரை ஒரே ஓட்டமாகப் பிளந்திருப்பது தெரியும். கொங்கிறீட்டின் குணமும் அதுவே. நெருக்கலைத் தாங்குவதில் அது வல்லது. இழுவையைத் தாங்குவதில் அதன் பலம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். அத்துடன் அது நொறுங்கும் தன்மை உடையது. இரும்பைப்போல முதலில் நீண்டு, வளைந்து, எச்சரித்துவிட்டு முறிவதில்லை.

வெடிப்பு ஒரு தடவை தொடங்கிவிட்டால் அதன் கூர்நுனியில் தகைப்பு, அதாவது ஓரலகு பரப்பில் விழும் விசை, குவிகிறது. ஒரு சதுர மீற்றருக்குப் பரவியிருந்த விசை முழுவதும் அந்த நுனியைச் சுற்றி ஓட வேண்டியிருப்பதால், வேறெங்கும் பாதுகாப்பான அளவில் இருக்கும் சுமை அந்த இடத்தில் மட்டும் எல்லை மீறிவிடும். தையல் பிரித்த துணி ஓரிடத்தில் கிழிந்தால் கிழிசல் தானாக நீள்வதைப் பார்த்திருப்பீர்கள். வெடிப்பு நீள நீள, அதை மேலும் நீட்டுவதற்குத் தேவைப்படும் விசை குறைந்துகொண்டே போகும்.

அணைநீர் எவ்வளவு பலத்தோடு தள்ளுகிறது?

நீரின் ஆழம் 10 மீற்றர் கூடும்போது அமுக்கம் சதுர மீற்றருக்குச் சுமார் 10 தொன் கூடும். 100 மீற்றர் ஆழத்தில் அது சதுர மீற்றருக்கு 100 தொன். அணையின் நீளத்தில் ஒரேயொரு மீற்றர் அகலமான பட்டையை மட்டும் எடுத்துக்கொண்டால், 100 மீற்றர் நீர் அதன் மீது மொத்தமாக 5000 தொன் விசையைக் கிடையாகப் போடும். ஆழம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். குளம் எத்தனை மைல் பின்னோக்கி விரிந்து கிடந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. பலரும் நம்ப மறுக்கும் உண்மை இது: அணையைத் தள்ளுவது நீரின் ஆழம் மட்டுமே, பரப்பு அல்ல. பரப்பும் கொள்ளளவும் அணை உடைந்த பிறகுதான் கணக்கில் வரும்.

இந்தத் தள்ளலை அணைகள் இரண்டு வழிகளில் எதிர்கொள்கின்றன. ஈர்ப்பு அணை தன் சொந்தப் பாரத்தால் தரையை அழுத்திப் பிடித்து நிற்கும். மகாவலியில் இரந்தம்பை அணை இந்த வகை. வில்லணை, நீர்ப்பக்கம் புடைத்த வில்லைப்போல் வளைந்து, தள்ளலை இருபக்க மலைகளுக்கும் கடத்திவிடும். 122 மீற்றர் உயரமும் 520 மீற்றர் நீளமும் கொண்ட விக்டோரியா அணை இந்த வகை. முதல் வகை தன் அடித்தளத்தை நம்பியிருக்கிறது. இரண்டாவது தன் தோள்களை, அதாவது இருகரைப் பாறைகளை நம்பியிருக்கிறது.

மேலுதைப்பு என்று சொல்கிறார்களே, அது என்ன?

அணைகளைப் பற்றி ஒரேயொரு விடயத்தை மட்டும் அறிந்துகொள்ள நேரமிருந்தால், இதைத்தான் அறிந்துகொள்ளச் சொல்வேன்.

அணைக்கு அடியில் இருக்கும் பாறையில் கண்ணுக்குத் தெரியாத பொருத்துகளும் பிளவுகளும் உண்டு. தேங்கிய நீர் அவற்றினூடாக மெல்ல ஊர்ந்து அணையின் அடிக்குச் சென்று, அங்கிருந்து மேல்நோக்கி அமுக்குகிறது. ஓடிவரும் வெள்ளத்தைப்போல அது நம் கண்ணில் படுவதில்லை. ஒரு சொட்டுக்கூட வெளியே கசியாமலேயே முழு அமுக்கமும் அடியில் நிலைகொண்டிருக்க முடியும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உயரம் 100 மீற்றர், அடி அகலம் 80 மீற்றர், நீர்ப்பக்க முகம் நிலைக்குத்தான முக்கோண வடிவ ஈர்ப்பு அணை ஒன்றில், ஒரு மீற்றர் பட்டையின் பாரம் ஏறத்தாழ 9600 தொன். நீர் உச்சிவரை நிறைந்திருக்கும்போது, பாரமும் 5000 தொன் தள்ளலும் சேர்ந்த விளையுள் விசை, கீழ்ப்பக்க, அதாவது நீரில்லாத பக்க, விளிம்பிலிருந்து 36 மீற்றரில் தரையை வெட்டுகிறது. அந்தப் புள்ளி அடி அகலத்தின் நடு மூன்றிலொரு பங்குக்குள், அதாவது சுமார் 27 மீற்றருக்கும் 53 மீற்றருக்கும் இடையில் இருக்கும்வரை அடி முழுவதும் நெருக்கலிலேயே இருக்கும்; எங்கும் இழுவை வராது.

இனி மேலுதைப்பைச் சேர்ப்போம். நீர்ப்பக்கத்தில் முழு அமுக்கமும் கீழ்ப்பக்கத்தில் பூச்சியமுமாகச் சீராகக் குறைவதாகக் கொண்டால், அது 4000 தொன். 9600 தொன் அணை 5600 தொன்னாக இளைத்துவிட்டது. விளையுள் விசை 23.6 மீற்றருக்கு நகர்ந்து, நடுப்பங்கைத் தாண்டிவிட்டது. நீர்ப்பக்க அடியில் இழுவை பிறக்கிறது. அங்கே கொங்கிறீட்டுக்கும் பாறைக்கும் இடையே வாய் திறக்கிறது. திறந்த வாய்க்குள் முழு அமுக்கத்தோடு நீர் புகுகிறது. மேலுதைப்பு இன்னும் கூடுகிறது. வாய் இன்னும் திறக்கிறது. இந்தச் சுழற்சிதான் கொங்கிறீட் அணையின் உண்மையான நோய். சுமை கூடாமலே, நீர்மட்டம் ஒரு அங்குலமும் உயராமலே அது முற்ற முடியும்.

மருந்து மிக எளியது. அணைக்குள் நீளவாக்கில் ஒரு நடைகூடம் விட்டு, அதிலிருந்து கீழே பாறைக்குள் வரிசையாகத் துளைகள் இடுவார்கள். அடியில் ஊரும் நீர் அந்த வடிதுளைகள் வழியே அமுக்கம் இழந்து வெளியேறிவிடும். அதற்கு முன்னால், நீர்ப்பக்கமாக, பாறைப் பிளவுகளுக்குள் சீமெந்துக் குழம்பை அழுத்தி ஒரு திரை அமைப்பார்கள். நீர்ப்பக்கத்திலிருந்து 8 மீற்றரில் உள்ள வடிதுளை வரிசை அந்த இடத்து அமுக்கத்தை முழு அமுக்கத்தின் மூன்றிலொன்றாகக் குறைத்தால், மேலே சொன்ன 4000 தொன் சுமார் 1700 தொன்னாக இறங்கிவிடும். விளையுள் விசையும் 31 மீற்றருக்கு, பாதுகாப்பான எல்லைக்குள் திரும்பிவிடும். சில அங்குல விட்டமுள்ள துளைகள் பல்லாயிரம் தொன் கொங்கிறீட்டின் வேலையைச் செய்கின்றன.

ஆனால் அந்தத் துளைகள் அடைபடக்கூடியவை. கொங்கிறீட்டிலிருந்து கரைந்து வரும் சுண்ணாம்பு துளையின் வாயில் வெள்ளையாகப் படிந்து இறுகும். நடைகூடத்தில் ஒரு துளையின் ஒழுக்கு நின்றுவிட்டதைக் கண்டு ‘கசிவு நின்றது, நல்லது’ என்று மகிழ்வது பெருந்தவறு. ஒழுகிக்கொண்டிருந்த துளை காரணமின்றி ஓய்ந்தால், அதைச் சுரண்டித் திறக்க வேண்டும்.

இந்த அறிவு உயிர்களைக் கொடுத்து வாங்கியது. பிரான்சின் பூசே அணை கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டப்பட்டது. 1884இல் அதன் ஒரு பகுதி ஏறத்தாழ ஓரடி முன்னோக்கி நகர்ந்தது. திருத்தினார்கள், அடியைப் பலப்படுத்தினார்கள். 1895 ஏப்ரல் 27ஆம் திகதி, திருத்திய இடத்துக்கு மேலே, உச்சியிலிருந்து சுமார் 10 மீற்றர் கீழே கிடையாகப் பிளந்து மேற்பகுதி போய்விழுந்தது. 80க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வெடிப்புக்குள் நீர் புகுந்தால் என்ன ஆகும் என்பதை வடிவமைப்பில் கணக்கெடுக்க வேண்டும் என்ற விதியை மொரிஸ் லேவி என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் வகுத்தது அந்த உடைப்புக்குப் பிறகுதான்.

அணை கட்டும்போதே வெடிப்பு உண்டாகுமா?

பெரும்பாலான வெடிப்புகள் அப்போதுதான் உண்டாகின்றன. சீமெந்து நீரோடு சேர்ந்து இறுகும்போது வெப்பம் வெளிவிடும். வீட்டுக் கூரைக்குப் போடும் ஐந்து அங்குலத் தட்டில் அந்த வெப்பம் இரவோடிரவாகப் போய்விடும். பல மீற்றர் கனமான அணைக்கட்டையின் நடுவில் போக வழியின்றித் தங்கி, வெப்பநிலையை 20, 30 பாகை உயர்த்திவிடும். பின்னர் அது மெல்லக் குளிரும்போது சுருங்க முயல்கிறது. 15 மீற்றர் நீளமான கட்டை 20 பாகை குளிர்ந்தால் சுமார் 3 மில்லிமீற்றர் சுருங்க வேண்டும். அடியில் பிடித்துக்கொண்டிருக்கும் பாறை விடாது. கொங்கிறீட் வெடிக்காமல் நீளக்கூடியதோ அந்த நீளத்துக்கு ஒன்றரை மில்லிமீற்றர் அளவுதான்.

அதனால்தான் அணையை ஒரே வார்ப்பாக வார்ப்பதில்லை. இடையில் பொருத்து விட்டுத் தனித்தனிக் கட்டைகளாக எழுப்பி, பொருத்துகளில் நீர்த்தடுப்புப் பட்டைகளைப் பதித்து, எல்லாம் குளிர்ந்த பிறகு சீமெந்துக் குழம்பால் நிரப்புவார்கள். வெடிப்பு எங்கே வர வேண்டும் என்பதை மனிதர் முன்கூட்டியே தீர்மானித்துவிடும் முறை இது. 1935இல் முடிக்கப்பட்ட அமெரிக்காவின் ஹூவர் அணையில் 900 கிலோமீற்றருக்கும் அதிகமான மெல்லிய உருக்குக் குழாய்களைக் கொங்கிறீட்டுக்குள் பதித்துக் குளிர்நீர் ஓட்டினார்கள். ஒரே வார்ப்பாகப் போட்டு அப்படியே விட்டிருந்தால் குளிர்வதற்கு 100 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும் என்று அவர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். நம் ஊர் மேசன்மார் புதிய தட்டின் மீது ஈரச்சாக்கு விரித்து ஏழு நாள் தண்ணீர் விடச் சொல்வது, காய்ந்து சுருங்கி வெடிக்காமலிருக்க. அணையில் அந்தக் கவலையோடு வெப்பச் சுருக்கமும் சேர்ந்துகொள்கிறது.

கம்பி போட்டுக் கட்டினால் வெடிக்காதல்லவா?

கம்பி வெடிப்பைத் தடுப்பதில்லை. வெடித்த இரு பக்கங்களையும் விலகாமல் பிடித்துவைக்கிறது. வீட்டு வளைக்கு அது போதும். 80 மீற்றர் அகலமான அடிக்குப் போதுமான கம்பி என்பது நடைமுறையில் இல்லாத ஒன்று. அத்துடன் நீர் புகுந்தால் கம்பி துருவேறும். ஆகவே பேரணைகளின் உடம்பில் பெரும்பாலும் கம்பி இருப்பதில்லை. நடைகூடங்களைச் சுற்றியும் வான்கதவுத் தூண்களிலும் போடுவார்கள்.

உலகில் உண்மையில் உடைந்த கொங்கிறீட் அணைகள் எதனால் உடைந்தன?

பெரும்பாலும் கொங்கிறீட்டால் அல்ல, அது உட்கார்ந்திருந்த பாறையால். மேலே சொன்ன 100 மீற்றர் அணையின் அடியில் எழும் நெருக்கற் தகைப்பு, சாதாரண கொங்கிறீட் நொறுங்கும் அளவில் ஒரு சிறு பங்குதான். நீரின் சுமையால் கொங்கிறீட் நசுங்கிப் பேரணை விழுவதென்பது நடைமுறையில் நேர்வதில்லை.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1924க்கும் 1926க்கும் இடையில் எழுப்பப்பட்ட சென் பிரான்சிஸ் அணையைப் பார்ப்போம். கட்டும்போதே கொள்ளளவைக் கூட்டுவதற்காக உயரத்தை மொத்தம் 20 அடி கூட்டினார்கள். அடி அகலத்தை அதற்கேற்பக் கூட்டவில்லை. வடிதுளைகள் நடுப்பகுதியில் மட்டுமே இருந்தன. கிழக்குக் கரை பழைய நிலச்சரிவு ஒன்றின் மீதும், மேற்குக் கரை சிவப்பு நிறப் படிவுப்பாறை ஒன்றின் மீதும் நின்றன. 1928 மார்ச் 12ஆம் திகதி காலை, அணைக் காவலர் கலங்கிய நீர் கசிவதைக் கண்டு அறிவித்தார். தலைமைப் பொறியியலாளர் வில்லியம் மல்ஹோலண்ட் நேரில் வந்து பார்த்து, ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அன்று நள்ளிரவுக்குச் சற்று முன் அணை உடைந்தது. 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மறுநாள் வெளிச்சத்தில் வடிதுளைகள் இருந்த நடுப்பகுதி மட்டும் தனிக் கல்லறைபோல் நின்றிருந்தது. விசாரணையின்போது மேற்குக் கரைப் பாறைத் துண்டு ஒன்றை ஒரு குவளை நீரில் போட்டுப் பார்த்தார்கள். காய்ந்திருந்தபோது கல்லாக இருந்த அது குமிழிவிட்டு உதிர்ந்து சேறாகிவிட்டது. அந்தக் குவளைச் சோதனையை யாரும் முன்பு செய்யவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். ஒரு குவளையும் கைப்பிடிக் கல்லும் போதுமாயிருந்தன.

பிரான்சின் மல்பாசே அணை சுமார் 66 மீற்றர் உயரமான மிக மெல்லிய வில்லணை. வடிவமைத்தவர் அக்காலத்தில் உலகப் புகழ்பெற்றிருந்த ஆந்திரே குவான். 1959 டிசம்பர் 2ஆம் திகதி இரவு, பெருமழையால் முதன்முதலாக உச்சிவரை நிறைந்த வேளையில் அது உடைந்து, பிரேஜூஸ் நகரை நோக்கி நீர் பாய்ந்தது. 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கொங்கிறீட்டைச் சோதித்தபோது குறையில்லை. இடக்கரைப் பாறைக்குள் படலங்களாக ஓடிய பிளவுகளும் அவற்றுக்குக் கீழே குறுக்கே கிடந்த ஒரு பிறழ்வும், அதாவது பாறை முறிந்து விலகிய கோடும், சேர்ந்து ஆப்புப்போன்ற ஒரு பாறைத்துண்டை உருவாக்கியிருந்தன. வில்லின் உதைப்பு பிளவுகளை இறுக்கியதால் நீர் வடிய வழியின்றி உள்ளே அமுக்கம் ஏறி, அந்த ஆப்பையே தூக்கி வெளியே தள்ளிவிட்டது. அதற்குப் பின்னரே வில்லணையின் தோள்ப்பாறைக்குள்ளும் வடிதுளைகள் இடுவது வழக்கமாயிற்று. பூசேயில் அணைக்குள் நிகழ்ந்ததும் மல்பாசேயில் பாறைக்குள் நிகழ்ந்ததும் ஒன்றே.

பூமியதிர்ச்சி கொங்கிறீட் அணையை உடைக்குமா?

மகாராட்டிரத்தின் கொய்னா அணை இதற்கு நல்ல சான்று. 103 மீற்றர் உயரமான அந்த ஈர்ப்பு அணையை 1967 டிசம்பரில் 6.5 அளவை ஒட்டிய அதிர்ச்சி உலுக்கியது. அணையின் கீழ்முகம் செங்குத்தாக இறங்கி, ஓரிடத்தில் திடீரெனச் சாய்வு மாறும். சரியாக அந்த மட்டத்தில் இரு முகங்களிலும் கிடை வெடிப்புகள் தோன்றின. வடிவம் சட்டென்று மாறும் இடத்தில் தகைப்பு குவியும் என்ற பாடப்புத்தக வரியை இயற்கையே எழுதிக்காட்டியது போலிருந்தது. ஆயினும் அணை உடையவில்லை. பின்னர் கீழ்ப்பக்கத்தில் முட்டுகொடுத்துப் பலப்படுத்தினார்கள்.

குலுக்கலை அணை தாங்கலாம். அடியிலுள்ள பிறழ்வே அறுத்துக்கொண்டு நகர்ந்தால் தாங்க முடியாது. தாய்வானில் 1999 செப்டெம்பர் 21ஆம் திகதி நிலப்பிறழ்வு ஷிகாங் அணைக்குக் கீழேயே பல மீற்றர் எழும்பி, அதன் ஒரு முனையைக் கிழித்துவிட்டது.

இலங்கை புவித்தட்டு எல்லைகளிலிருந்து விலகி இருக்கிறது. 2020 ஓகஸ்ட் இறுதியில் திகண பகுதியில் உணரப்பட்டவை சிறு அதிர்வுகளே. விக்டோரியாவுக்கு அருகில் என்பதால் மக்கள் அஞ்சியதில் வியப்பில்லை, ஆனால் கொய்னா அதிர்ச்சியோடு ஒப்பிட அவற்றில் ஒன்றுமில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின் கொங்கிறீட் வீங்கும் என்கிறார்கள், உண்மையா?

உண்மை. சீமெந்தில் உள்ள காரமும் சிலவகைச் சல்லியில் உள்ள சிலிக்காவும் ஈரத்தில் சேர்ந்து ஒருவகைக் கூழை உண்டாக்கும்; அது நீரை உறிஞ்சி வீங்கும். 1940இல் கலிபோர்னியாவில் தோமஸ் ஸ்டான்டன் இதை இனங்கண்டு வெளியிட்டார். வீக்கம் ஆண்டுக்கணக்கில் மெல்ல நடப்பதால், முதலில் தெரிவது சிலந்தி வலைபோன்ற வெடிப்புகளும், இழுபட்டு மூட மறுக்கும் வான்கதவுகளும். பிரான்சின் சம்போன் அணையில் வீக்கத்துக்கு இடம்கொடுக்க அணையையே வைரக் கம்பியால் மேலிருந்து கீழாக அறுத்து இடைவெளி விட்டார்கள். முளைத்த நோய்க்கு முழுத் தீர்வு இல்லை. சல்லியை முன்பே சோதிப்பதுதான் வழி.

அணைக்கு மேலால் நீர் வழிந்தால் உடையுமா?

மண் அணையென்றால் பெரும்பாலும் உடையும். கொங்கிறீட் அணையென்றால் உடனே உடைய வேண்டும் என்பதில்லை. இத்தாலியின் வயோந்த் வில்லணை இதற்குத் துயரமான சான்று. 1963 ஒக்டோபர் 9ஆம் திகதி மலைச்சரிவொன்று முழுதாக நீர்த்தேக்கத்துக்குள் விழ, 100 மீற்றருக்கும் உயரமான அலை அணையைத் தாண்டிப் பாய்ந்து சுமார் 2000 பேரைக் கொன்றது. 260 மீற்றர் உயரமான அணை இன்றும் நிற்கிறது. எனினும் வழியும் நீர் அடிவாரப் பாறையை நீண்டநேரம் குடைந்தால் அணை கால் இழந்துவிடும்.

1986இல் கந்தளாய்க் குளம் உடைத்ததும் இதே மாதிரியா?

இல்லை, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலை உடைப்பெடுத்த கந்தளாய்க் குளக்கட்டு மண்ணால் ஆனது. ஊர் உறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் 120க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மண்கட்டுக்குள் நீர் ஒரு நூலிழை வழியைக் கண்டுபிடித்தால், மணலைத் துகள் துகளாக வெளியேற்றி அதைக் குழாயாக அகலப்படுத்தும். அல்லது கட்டுக்கு மேலால் வழிந்து வெளிச்சரிவை அரிக்கும். இரண்டும் மணிக்கணக்கில் வளர்ந்து, உடைப்பு படிப்படியாக அகலும். கொங்கிறீட் அணை நாட்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அமைதியாக நின்றுவிட்டு, விழும்போது நிமிடங்களில் விழும். மண்கட்டு கண்ணால் பார்த்துக் காப்பாற்றக் கூடியது. கொங்கிறீட் அணையை அளந்து காப்பாற்ற வேண்டும்.

அப்படியென்றால் எதை அளக்கிறார்கள்?

அணைக்குள் உச்சியிலிருந்து நீண்ட கம்பியில் தூக்குக்குண்டு தொங்கும். அணை எவ்வளவு சாய்கிறது என்பதை அது மில்லிமீற்றரின் பின்னங்களில் காட்டும். வில்லணை, நீர் ஏறும்போது கீழ்ப்பக்கமாக வளைந்து, நீர் இறங்கும்போது திரும்பி வரும். அது அதன் மூச்சு. மூச்சுவிடுவதில் ஆபத்தில்லை, போன இடத்திலிருந்து திரும்பி வராமலிருப்பதுதான் ஆபத்து. அடித்தளத்தில் அமுக்கமானிகள் மேலுதைப்பைக் காட்டும். கசிவுநீரை ஒரு வாய்க்காலில் சேர்த்து, முக்கோண வெட்டுள்ள தகட்டின் மேலால் விட்டு அதன் உயரத்தால் அளவிடுவார்கள். கசிவின் அளவைவிட அதன் நிறம் முக்கியம்: தெளிந்த நீர் பொதுவாகப் பொறுத்துக்கொள்ளக் கூடியது, கலங்கல் நீர் அடித்தளம் கரைகிறது என்பதற்கு அடையாளம்.

வெடிப்பு வளர்கிறதா என்பதை அறிய எனக்குக் கற்றுத்தந்த முதல் முறை, வெடிப்புக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்தால் ஒட்டி, திகதியை எழுதிவைப்பது. ஒரு மதகின் பக்கச்சுவரில் அப்படி ஒட்டிவிட்டு, ஒவ்வொரு வாரமும் போய்ப் பார்ப்பேன். ஐந்தாம் வாரம் கண்ணாடியில் மயிரிழைபோல ஒரு கோடு குறுக்காக ஓடியிருந்தது. சுவரைப் பார்த்தால் எந்த மாற்றமும் தெரியவில்லை. அன்றுதான், கண் போதாது என்பதை முழுமையாக நம்பினேன்.

வெடித்த அணையைத் திருத்த முடியுமா?

முடியும். ஒஸ்திரியாவின் கோல்ன்பிரைன் வில்லணை 200 மீற்றர் உயரமானது. 1978இல் நீர் நிரம்பிய வேளையில் நீர்ப்பக்க அடியில் வெடித்துப் பெருமளவில் கசிந்தது. பல முயற்சிகளுக்குப் பின், 1990களின் முதற்பாதியில், அதன் கீழ்ப்பக்கத்தில் இன்னொரு பெருங் கொங்கிறீட் கட்டையை முட்டாகக் கட்டி நிலைநிறுத்தினார்கள். 1895இல் முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையிலும் உச்சியில் கொங்கிறீட் தொப்பியிட்டுப் பாரம் கூட்டியும், உருக்கு வடங்களால் பாறையோடு கட்டியும், பின்புறம் கொங்கிறீட் சேர்த்தும் பலப்படுத்தினார்கள். மூன்றும் ஒரே நோக்கத்துக்கானவை: மேலுதைப்பு இளைக்கச் செய்த பாரத்தைத் திரும்பக் கொடுப்பது. திருத்தம் முடியும்வரை நீர்மட்டத்தைத் தாழ்த்துவதே முதலுதவி.

மகாவலியின் கடைமடையில் இருக்கும் நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

விக்டோரியாவுக்குக் கீழே, அதைவிடப் பெரிய கொள்ளளவுள்ள ரந்தெனிகல நீர்த்தேக்கமும், அதன் கீழே இரந்தம்பையும் இருக்கின்றன. அதன் பிறகு மகியங்கனை, மன்னம்பிட்டி வழியாக நீண்ட சமவெளியைக் கடந்துதான் ஆறு வெருகலுக்கும் கொட்டியார்க்குடாவுக்கும் வருகிறது. நம் வீட்டு வாசலுக்கு வரும் வெள்ளம் பெரும்பாலும், அணை உடையாமலிருப்பதற்காகவே திறக்கப்படும் வான்கதவுகளின் நீரும், அணைகளுக்குக் கீழே கொட்டும் மழையும் சேர்ந்தது. வான்கதவு திறந்தால் அணை ஆபத்தில் இருக்கிறது என்று பொருள்கொள்ள வேண்டாம். அது செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறது. ஆனால் அந்த நீரும் வீட்டுக்குள் வரும், ஆளை இழுக்கும். ஆகவே கைத்தொலைபேசியில் வரும் ‘வெடிப்பு’ப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல், மன்னம்பிட்டியில் நீர்ப்பாசனத் திணைக்களம் அளக்கும் ஆற்றுமட்டத்தையும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அறிவித்தலையும் கேளுங்கள்.

உங்கள் ஊர்க் குளக்கட்டின் வெளிச்சரிவில், முன்பு காய்ந்திருந்த இடத்தில் புதிதாக ஈரமோ ஊற்றோ கண்டால் உள்ளே தெரியும் ஒரு வெள்ளைப் போத்தலில் அந்த நீரைப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் மண் படிந்தால், இரவென்றும் பாராமல் நீர்ப்பாசன அலுவலகத்துக்கும் கிராம சேவையாளருக்கும் அறிவியுங்கள்; போத்தலையும் கொட்டிவிடாமல் கையோடு கொண்டுபோங்கள்.